பதினான்காவது பக்கம்

ஒரு பக்கத்தில் எத்தனை பொத்தான்கள் இருக்கலாம் என்று கேட்டால் இரண்டு என்பேன். மூன்றாவது பொத்தானை வைத்தவனை வேலையை விட்டுத் தூக்கலாம் என்பேன். பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. தீப்பிடித்தால் எப்படி ஓடுவது, பாஸ்வேர்டை எப்படிக் காப்பது, லஞ்சம் ஏன் வாங்கக்கூடாது என்றெல்லாம் கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்துகின்றன அல்லவா, அந்தத் தளங்களை வடிவமைப்பவள் நான். பெயர் தமயந்தி. நீங்கள் எங்காவது சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்றால் என்னைப் போன்ற ஒருத்தியை ஒரு தடவையாவது திட்டியிருப்பீர்கள்.

திட்டுவதில் நியாயம் இருந்தது. அந்தத் தளங்களில் பாதியில் 'அடுத்து' என்ற பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தேடிக் கண்டுபிடித்து அழுத்தினால் முதல் பக்கத்துக்கே திரும்பக் கொண்டுபோய் விடும். படித்தவர்களே பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்பார்கள். படிக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நானும் அந்தக் கடலோர ஆலைக்குப் போகும்வரை கேட்டதில்லை.

அது ஒரு ரசாயன ஆலை. பக்கத்திலேயே மீனவர் குப்பம். ஆலைக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு மட்டும்தான். குப்பம் ஆலைக்கு மேற்கே ஒட்டினாற்போல இருந்தது. அந்தக் குப்பத்துப் பெண்கள் ஆலையில் பீப்பாய் கழுவும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த வருடம் அரசு ஒரு நிபந்தனை போட்டது: கண்ட்ரோல் ரூமில் உள்ளூர்ப் பெண்களுக்கும் இடம் தர வேண்டும். ஆலை முப்பத்திரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பயிற்சித் தளத்தில் பாடம் படித்து, தேர்வில் தேற வேண்டும். மூன்று முறை தோற்றால் பீப்பாய் வேலையும் போய்விடும். அப்படி ஒரு விதியை எந்த மகராசன் எழுதினானோ தெரியாது.

அஞ்சலாட்சியை நான் பார்த்தபோது அவர் இரண்டு முறை தோற்றிருந்தார்.

முப்பத்தெட்டு வயது. ஒல்லியான தேகம். பயிற்சி அறையில் டேப்லெட்டுக்கு எதிரே, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பழைய தளத்தைத் திறக்கச் சொன்னேன். திறக்க வேண்டுமானால் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். வைத்தார். சிவப்பு விளக்கு. திரும்ப வைத்தார். திரும்பவும் சிவப்பு.

"ஒம்பது வருசமா காரத் தண்ணியில கை வச்சிகிட்டு இருக்குறன் மேடம்," என்று விரலைத் திருப்பிக் காட்டினார். வழவழவென்று இருந்தது. "ரேக எல்லாம் தேஞ்சி போச்சி. ரேசன் கடையிலயும் இப்படித்தான்."

மேற்பார்வையாளர் கடவுச்சொல் போட்டுத் திறந்து கொடுத்தார். முதல் பக்கம் வந்தது. அஞ்சலாட்சி நிதானமாக, உதடசைத்து, ஒரு வரி விடாமல் படித்தார். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த பக்கம் போங்கக்கா."

"எங்கம்மா போறது? அவ்ளோதான முடிஞ்சிருக்கு?"

பக்கத்தைக் கீழே நகர்த்தினால்தான் பொத்தான் தெரியும். கீழே இன்னும் இருக்கிறது என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. முதல் இரண்டு தடவையும் அவர் இந்த ஒரு பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, நேரம் முடிந்து தோற்றிருக்கிறார். எனக்கு அந்தத் தளத்தைச் செய்தவன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. சென்னைக்குத் திரும்பும்போது பஸ்ஸில், இந்த அம்மாள் தோற்க முடியாத ஒரு தளத்தைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளிலேயே மிக நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவு அதுதான்.

ரெஜினால்ட் என் மேலாளர். ரெஜி சார் என்போம். நல்ல மனிதர், அதிலும் புத்திசாலி. அந்த இரண்டும் சேர்ந்தால் வரும் ஆபத்து எனக்கு அப்போது தெரியாது. கைரேகைக்குப் பதிலாக முகத்தைப் பார்த்துத் திறக்கும்படி செய்யலாம் என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"கேமரா ஆன் ஆகும்ல?"

"ஆகும்."

"அப்ப திறந்ததும் ஏன் ஆஃப் பண்ணணும்? அப்படியே ஓடட்டும். நம்ம புது என்ஜினைப் போட்டுப் பாத்துடலாம்."

'சுலபம்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். எட்டு மாதமாக ஆய்வில் இருந்தது. அது என்ன செய்யும் என்று கேட்டேன்.

"படிக்கிறவங்க கண்ணு எங்க போகுதுன்னு பாக்கும். ஒரு ஆள் எங்க பாடத்தை விட்டுட்டு ஓடறான் தெரியுமா? தயங்குற இடத்துல. இங்க அழுத்தறதா அங்க அழுத்தறதான்னு யோசிக்கிறான் பாரு, அந்த ரெண்டு செகண்டு, அதுதான் எதிரி. சுலபம் அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு அதுவே சரி பண்ணிடும். எழுத்தைப் பெருசாக்கும். வாக்கியத்தைக் குறைக்கும். பொத்தானைக் கண்ணு போற இடத்துக்கே கொண்டுவந்து வைக்கும். தேவையில்லாத பக்கத்தைத் தூக்கிடும். ஒவ்வொரு ஆளும் படிக்கப் படிக்க அடுத்த ஆளுக்கு இன்னும் ஈஸி ஆகும்."

"பக்கத்தையே தூக்கிடுமா? பாதுகாப்புப் பாடம் சார் இது."

"அதுவாவா தூக்கும்? வாராவாரம் என்னென்ன மாத்தணும்னு லிஸ்ட் குடுக்கும். நீ பாத்து ஓகே சொன்னாத்தான் மாறும். கடைசிச் சொல்லு மனுசனோடதுதான்."

அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும் பக்கத்தையும் நான்தான் வடிவமைத்தேன். முதலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் தனித்தனிப் பொத்தான் வைத்திருந்தேன். முதல் திங்கட்கிழமை நாற்பது மாற்றம் வந்தது. நாற்பது முறை அழுத்திக் கை வலித்தது. நான் யார், சுலபமான தளங்களைச் செய்பவள் அல்லவா? அன்று மதியமே எல்லாப் பொத்தானையும் எடுத்துவிட்டு மேலே ஒரே ஒரு பொத்தான் வைத்தேன். 'அனைத்தையும் ஏற்கவும்.'

தளம் அமோகமாக ஓடியது. ஐந்து வாரத்தில் முப்பத்திரண்டு பெண்களும் தேறினார்கள். ஒருவர்கூடத் தோற்கவில்லை. பயத்தில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த அஞ்சலாட்சி கடைசி நாளில் கடைசி ஆளாக எழுதி நூற்றுக்கு நூறு வாங்கினார். தயங்கிய நேரம் பூஜ்ஜியம் என்று அறிக்கை சொன்னது. அன்று சாயங்காலம் எனக்கு ஆலை மேற்பார்வையாளரின் போனிலிருந்து பேசினார்.

"யம்மா, எனக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கும்மா! கேள்வியப் பாத்ததும் வெரலு தானாப் போவுது. எங்கூட்டு ஆளு நம்பவே மாட்டன்னுட்டாரு. நூறும்மா! எட்டாவதுல கணக்குல பதினாலு வாங்குனவ நானு."

நான் போனை வைத்துவிட்டு அலுவலகக் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான். அந்த வருடம் எங்கள் தளத்துக்கு ஒரு விருதும் கிடைத்தது. கண்ணாடியில் செய்த முக்கோணம். இன்னும் என் மேசையில் இருக்கிறது; தூக்கிப் போடவும் கை வரவில்லை.

ஆறு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஆலையில் ஒரு கலனில் அழுத்தம் ஏறியது. கண்ட்ரோல் ரூமில் அஞ்சலாட்சி இருந்தார். அழுத்தத்தைக் குறைக்க இரண்டு வழி உண்டு. புகைபோக்கியைத் திறந்து வாயுவை வானத்தில் விடலாம், சரக்கு தப்பிக்கும். இல்லையென்றால் கழுவு கோபுரத்துக்கு அனுப்பலாம். வாயு கரைந்துவிடும், சரக்கு முழுக்கப் பாழ். காற்று கடல் பக்கம் அடித்தால்தான் புகைபோக்கியைத் திறக்க வேண்டும் என்பது விதி. காற்று ஊர்ப் பக்கம் அடித்தால் எவ்வளவு சரக்கு போனாலும் கழுவு கோபுரம்தான். அதற்காகவே ஆலை நடுவில் ஒரு கம்பத்தில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை கட்டியிருந்தார்கள். கண்ட்ரோல் ரூம் ஜன்னல் வழியே பார்த்தால் தெரியும்.

அஞ்சலாட்சி மூன்றே நொடியில் புகைபோக்கியைத் திறந்தார். கடலிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. குப்பத்தில் பதினோரு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் பவுனு, அஞ்சலாட்சியின் கொழுந்தனார் மனைவி. மூன்று பேர் பள்ளிக்கூடம் போகாத வயதுக் குழந்தைகள்.

அன்று மாலைக்குள் ஆலை அறிக்கை விட்டது. பணியாளர் முழுப் பயிற்சி பெற்றவர். தேர்வில் நூறு மதிப்பெண் பெற்றவர். பாடத்தில் தெளிவாகச் சொல்லப்பட்ட விதியை மீறியிருக்கிறார். கூடவே சான்றிதழின் படம். எல்லாத் தொலைக்காட்சியிலும் அந்தச் சான்றிதழையே காட்டினார்கள். மூலையில் எங்கள் தளத்தின் சின்னம் இருந்தது. அஞ்சலாட்சியைக் கைது செய்தார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. காற்றுப்பையைப் பார்க்கும் பாடத்தை நான் என் கையால் போட்டிருந்தேன். பதினான்காவது பக்கம். கம்பமும் பையும் வரைந்து, 'காற்று எந்தப் பக்கம்?' என்று கேட்டு, இரண்டு பொத்தான்கள்: கடல் பக்கம், ஊர்ப் பக்கம். அதை அழுத்தித்தான் மேலே போக முடியும். நூறு வாங்கியவர் அதை எப்படி மறப்பார்? தளத்தைத் திறந்து பார்த்தேன். பதின்மூன்றாவது பக்கத்தில் 'அழுத்தம் ஏறினால்' என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் 'புகைபோக்கியைத் திறக்கவும்' என்று இருந்தது. பெரிய எழுத்து, பெரிய பச்சைப் பொத்தான். நடுவில் ஒன்றும் இல்லை.

பதிவேட்டை எடுத்துத் தேடினேன். மூன்றாவது வாரத்து மாற்றங்களில் இருந்தது. 'பக்கம் 14: முதல் பதினைந்து பேரும் இப்பக்கத்தில் திரையை விட்டுக் கண்ணை எடுக்கிறார்கள். சராசரி பதினோரு நொடி. கவனச் சிதறல். பக்கத்தையும் அதிலிருந்து பிரியும் கழுவு கோபுரப் பக்கத்தையும் நீக்கப் பரிந்துரை.' அதற்கு எதிரே, ஏற்றவர் என்ற இடத்தில் என் பெயர். அறுபத்தோரு மாற்றங்களை நான்கு நொடியில் ஏற்றிருந்தேன்.

ஏன் கண்ணை எடுத்தார்கள்? கேமரா பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். பதினைந்து பெண்களும் அந்தப் பக்கம் வந்ததும் ஒன்றுபோலத் தலையைத் திருப்பி இடது பக்கம் பார்க்கிறார்கள். சிலர் எழுந்தே போகிறார்கள். அந்தப் பக்கம் பயிற்சி அறை ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நிஜக் காற்றுப்பை. காற்று எந்தப் பக்கம் என்று கேட்டதும் அந்தக் கடலோரப் பெண்கள் படத்தைப் பார்க்கவில்லை, காற்றைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். பாடம் எதைச் சொல்ல வந்ததோ அதைத்தான் செய்தார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்பார்களே, அதை நான் முதல் தடவையாக என் கணினியில் பார்த்தேன்.

இதே பாடம் அதே கம்பெனியின் வேறு நான்கு ஆலைகளிலும் ஓடியது. அங்கெல்லாம் பதினான்காவது பக்கம் பத்திரமாக இருந்தது. அங்கே எல்லோரும் படத்தைப் பார்த்தே பதில் சொல்லியிருந்தார்கள்.

ரெஜி சாரிடம் ஓடினேன். அவர் அதற்கு முன்பே பார்த்திருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்ன பண்ணப் போற?"

"போலீஸ்ல குடுக்கணும் சார். அந்தம்மாவுக்கு யாரும் சொல்லிக்கூடக் குடுக்கலை. நாம அந்தப் பாடத்தையே எடுத்துட்டோம்."

"நாம இல்ல தமயந்தி." அவர் குரலில் கோபம் இல்லை. "என்ஜின் பரிந்துரைதான் செஞ்சது. ஏத்துக்கிட்டது நீ. அந்தம்மாவோட இடத்துல நீ போய் உக்காருவ. உனக்கு ஒரு பொண்ணு இருக்கா. யோசிச்சுக்கோ."

"அப்ப அவங்க உள்ள போகட்டும்னு விட்டுடறதா?"

"நான் அப்படிச் சொல்லலையே. யோசிச்சுக்கோன்னுதான் சொல்றேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று என் அம்மா அடிக்கடி சொல்வாள். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரட்டும் என்று அன்றைக்கு நான் உண்மையிலேயே நினைத்தேன். பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் போலீஸுக்குப் போகவில்லை. முதலில் அஞ்சலாட்சியைப் பார்ப்போம் என்று சிறைக்கு மனு போட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகு போவதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்துகொண்டிருந்தேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இன்னும் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது.

"பவுனு போயிட்டாம்மா," என்றார். "எங்கையால போயிட்டா."

"அக்கா, உங்க மேல தப்பில்லை. நான் சொல்றதைக் கேளுங்க." பக்கத்தைப் பற்றி, கேமராவைப் பற்றி, பதினைந்து பெண்கள் ஜன்னலைப் பார்த்ததைப் பற்றி, நான்கு நொடியில் நான் அழுத்திய பொத்தானைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டார்.

"காத்து எந்தப் பக்கம்னு கேட்டா வெளியதான பாப்பாங்க? படத்துலயா காத்தடிக்குது?"

"ஆமாக்கா."

"அதுக்கா அந்தப் பக்கத்த எடுத்தீங்க?"

அச்செடுத்த பதிவேட்டுத் தாளை எடுத்து வலையோடு ஒட்டிக் காட்டினேன்.

"எனக்குக் காத்து தெரியும்மா," என்றார். "அன்னிக்குக் கொண்டலு, கடல்லேந்து வர்ற காத்து. காலையில வேலைக்கு வரையிலயே முந்தான பிச்சிக்கிட்டுப் போச்சி. காத்து தெரியாம இல்ல. அந்தப் பொத்தானுக்குக் காத்து வேணும்னுதான் தெரியாது. இன்ஸ்பெக்டரு கேட்டப்பதான் எனக்கே தெரியும், ஏன் காத்துப்பையப் பாக்கலன்னு. நானு முழிச்சன். நூறு வாங்கியிருக்கிற, நடிக்கிறியான்னு அடிச்சாரு."

"நான் கோர்ட்ல சொல்லிடறேன்க்கா. எல்லா ஆதாரமும் இருக்கு. உங்களை விட்டுடுவாங்க."

அவர் வலையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு கிழவர் தன் மகனிடம் வழக்கறிஞரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்.

"எப்படிச் சொல்லுவ?"

"பாடமே தப்பு, அந்த நூறு மார்க்கு செல்லாதுன்னு சொல்வேன்."

"யாரு நூறு?"

"உங்களோடது."

"எனுது மட்டுமா? முப்பத்திரண்டு பேரும் அதே பாடந்தான? எல்லார் மார்க்கும் செல்லாதா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. ஆலை மறுநாளே அத்தனை பேரையும் வெளியே அனுப்பும். ஒன்றும் தெரியாதவர்களைக் கண்ட்ரோல் ரூமில் உட்கார வைத்தார்கள் என்று ஊரே சொல்லும்.

"வேணாம்மா," என்றார் அஞ்சலாட்சி. "சொல்லாத."

"அக்கா, உங்களுக்கு என்ன தண்டனை கிடைக்கும் தெரியுமா?"

"வக்கீலு சொன்னாரு. நாலஞ்சி வருசம் வரும்னு. வரட்டும். நான் வெளிய வந்து மட்டும் எங்க போறது? அந்தத் தெருவுக்கா? பவுனு புருசன் மூஞ்சில எப்படி முழிப்பன்? நான் ஒருத்தி இங்க கெடந்துட்டுப் போறன். அவளுங்க மொத மொதல்ல நாற்காலியில ஒக்காந்துருக்குறாளுங்க. காரத் தண்ணியில மறுபடி கை வக்கச் சொல்லாத."

"அவங்கள்ல பாதிப் பேருக்கும் காற்றைப் பத்தித் தெரியாதேக்கா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா?"

"அதுக்குன்னு உன் மிசினு வேணுமா? எங்கூட வேல பாக்குற செவ்வந்தி மொத மனுல பாக்க வந்தப்பவே அவகிட்ட சொல்லிட்டன். காத்துப் பாத்துத்தான் தொறக்கணும்டி, எல்லாளுகிட்டயும் சொல்லிடுன்னு. ஒரே நாள்ல முப்பத்தோரு பேருக்கும் தெரிஞ்சி போச்சி."

அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, மெதுவாக, "அப்புறம், அந்த நூறு நானே வாங்குனதுதாம்மா. அத மட்டும் இல்லன்னு சொல்லிடாத," என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். பாதி அழுகை அவருக்காக. மீதிப் பாதி நிம்மதியில் வந்தது. என் பெண்ணின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. தப்பித்தேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்னையே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது, ஆனால் தோன்றியது.

தொழில் விபத்துகளுக்கென்று அமைத்த விரைவு நீதிமன்றத்தில் வழக்கு ஐந்தே மாதத்தில் முடிந்தது. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அரசு வழக்கறிஞர் ஒரே கேள்விதான் கேட்டார். காற்றுப்பையைப் பார்க்க வேண்டும் என்பது நீங்கள் வடிவமைத்த பாடத்தில் இருந்ததா?

கூண்டில் அஞ்சலாட்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வடிவமைத்த பாடத்தில் இருந்தது," என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நீதிபதி எழுதிக்கொண்டார். ரெஜி சார் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலாட்சிக்கு நான்கு வருடம் கிடைத்தது. அவர் எனக்குக் கைகூப்பிவிட்டுப் போலீஸ் வேனில் ஏறினார்.

தீர்ப்பு வந்து ஏழு வாரம் கழித்து ஆலையிலிருந்து எங்களுக்கு ஒரு புதிய ஒப்பந்தம் வந்தது. ரெஜி சார் என் மேசைக்கே வந்து நின்றார். அவரே கொண்டுவந்து கொடுக்கும் வேலை நல்லதாக இருக்காது என்று எனக்குத் தெரியும்.

"கண்ட்ரோல் ரூமை முழுசா ஆட்டோமேட் பண்றாங்க," என்றார். "நூத்துக்கு நூறு வாங்கின ஆளே தப்புப் பண்ணா, மனுசங்களை நம்ப முடியாதுன்னு போர்டுல முடிவாயிடுச்சாம். கோர்ட் தீர்ப்பையே காரணமா எழுதியிருக்காங்க. அரசாங்கமும் நிபந்தனையைத் தளர்த்திடுச்சு."

"அந்த முப்பத்தோரு பேர்?"

"பீப்பாய் கழுவறதுக்கும் மெஷின் வந்தாச்சு." அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "அவங்க வேலையை விட்டுப் போறதுக்கு ஒரு தளம் வேணுமாம். சம்மதம், கணக்குத் தீர்வை, அடையாள அட்டையைத் திருப்பிக் குடுக்கிறது, எல்லாம் ஒரே இடத்துல. வழக்குப் போட மாட்டோம்னு ஒரு உறுதிமொழியும் உண்டு. படிக்காதவங்க, அதனால சுலபமா இருக்கணும்னு உன் பேரைச் சொல்லியே கேட்டிருக்காங்க."

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், நான் அந்தத் தாளை அவர் முகத்தில் விட்டெறிந்தேன் என்றா? நானும் அப்படித்தான் செய்வேன் என்று நினைத்திருந்தேன். ஒன்பது நாளில் தளத்தை முடித்துக் கொடுத்தேன். நான் செய்யாவிட்டால் வேறு எவனாவது கீழே மறைந்திருக்கும் பொத்தானோடு ஒன்றைச் செய்து அவர்களைப் படாத பாடு படுத்துவான் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். முப்பத்தோரு பேரும் ஒரே மதியத்தில் முடித்துவிட்டார்கள். ஒருவருக்கும் எந்தச் சிக்கலும் வரவில்லை.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் வாயை மூடியிருந்ததற்கு அஞ்சலாட்சி கொடுத்த காரணம் இப்போது இல்லை. மிச்சம் இருந்தது என்னுடைய காரணம் மட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி பார்க்க முடியவில்லை. மேல்முறையீட்டுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். பதிவேட்டுப் பக்கத்தைக் காட்டினேன். இது போதும், அந்தம்மா வெளியே வந்துவிடுவார், உங்களுக்குத்தான் கஷ்டம் என்றார். சரி என்றேன். அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வக்காலத்தில் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று தாளைக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் சிறைக்குப் போனேன். சத்தியமாக எல்லாவற்றையும் சொல்லத்தான் போனேன்.

அஞ்சலாட்சி முன்பைவிடத் தெளிவாக இருந்தார். சமையல் கூடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். மாலையில் மூன்று பெண்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறாராம். நூறு வாங்கிய அம்மா என்றுதான் அங்கே கூப்பிடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கம் வந்தது.

"நம்ம பொண்ணுங்கல்லாம் எப்படிம்மா இருக்குறாளுங்க?" என்று கேட்டார். "செவ்வந்தி வாராவாரம் வருவா. இப்ப ஒன்ற மாசமா ஆளையே காணம். ஷிப்டு ஜாஸ்தியா?"

வாயைத் திறந்தேன். செவ்வந்தி திருப்பூருக்குப் போய்விட்டாள், பனியன் கம்பெனியில் இருக்கிறாள், இந்த முகத்தைப் பார்த்து விஷயத்தைச் சொல்ல முடியாமல்தான் அவள் வரவில்லை. எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் அவர் முகம் நான் சொல்லப்போகும் நல்ல சேதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவர் நான்கு வருடத்தைக் கொடுத்து வாங்கிய சேதி அது.

"ஆமாக்கா," என்றேன். "ஷிப்டு ஜாஸ்தி."

"அதான பாத்தன். அவளுக்கு மொத ஷிப்டு ஒத்துக்காதும்மா, புள்ளைய இஸ்கூலுக்கு அனுப்பணும். சூப்பர்வைசர்கிட்ட சொல்லி ரெண்டாவது ஷிப்டு கேக்கச் சொல்லு. நான் சொன்னன்னு சொல்லு."

"சொல்றேன்க்கா."

காவலர் நேரம் முடிந்தது என்றார். பைக்குள் இருந்த வக்காலத்துத் தாளை நான் வெளியே எடுக்கவில்லை. அஞ்சலாட்சி எனக்குச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, திருப்தியாக உள்ளே போனார்.